கடுகு போன்ற உலோகங்கள்!

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஒரு நாள் மாலை. ஜன்னலோரத்தில் ஒரு பாட்டி. பக்கத்தில் ஏழெட்டு வயசுப் பேத்தி. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தது குழந்தை. பல்லாவரம் தாண்டி அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றது.

"பாட்டி, குரோம்பேட்டைன்னா என்ன அர்த்தம்?"

பாட்டி ஒரு கணம் யோசித்தாள். "ராயப்பேட்டை, தேனாம்பேட்டை மாதிரிதான். குரோம்னு யாராவது ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்திருப்பான்" என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாட்டியைக் கேலி செய்வதற்கில்லை. துரை ஒருவர் இருந்தது வாஸ்தவம்தான். அவர் பெயர் மட்டும் குரோம் அல்ல, சேம்பர்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரத்துப் பக்கம் அவர் ஒரு தோல் தொழிற்சாலை வைத்தார். அதன் பெயர் 'குரோம் லெதர் கம்பெனி'. ஆவாரம்பட்டையில் பல நாள் ஊறப்போட்டுத் தோலைப் பதனிடுவது நம் ஊர்ப் பழக்கம். குரோமிய உப்பைப் போட்டால் அந்த வேலை வெகு சீக்கிரத்தில் முடியும் என்பது புது வித்தை. அந்தக் கம்பெனியின் பெயரே ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

ஆகவே, தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்கும் அந்த ஸ்டேஷன் ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இரும்புபேட்டை, செம்புபேட்டை என்று யாரும் வைக்கவில்லை. குரோமியத்துக்குத்தான் அந்த அதிருஷ்டம் அடித்தது!

சின்ன உலோகங்களுக்கு ஒரு சங்கம்

இரும்பு, செம்பு, அலுமினியம், ஈயம், துத்தநாகம் இவையெல்லாம் நமக்குத் தெரிந்த பெரிய வீட்டுப் பிள்ளைகள். டைட்டானியம், டாண்டலம், நியோபியம், ஜிர்கோனியம், டங்ஸ்டன் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவற்றை வியாபாரிகள் 'சின்ன உலோகங்கள்' என்கிறார்கள். குரோமியத்தையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

ஏன் சின்னது? அளவில்தான். உலகத்தில் ஒரு வருஷத்துக்கு உருக்கும் எஃகு ஏறக்குறைய 190 கோடி டன். டாண்டலம் சுமார் 2,000 டன்தான்! அத்தனையையும் ஒரே ஒரு சரக்கு ரயிலில் ஏற்றிவிடலாம். ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? அந்த 2,000 டன் ஒரு வருஷம் வராமற்போனால், உலகத்தில் எத்தனையோ கம்ப்யூட்டர், செல்போன், ஆகாய விமானத் தொழிற்சாலைகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

இப்படிப்பட்ட உலோகங்களை வெட்டுகிறவர் ஒரு தேசத்தில் இருப்பார்; சுத்தம் செய்கிறவர் இன்னொரு தேசத்தில்; உபயோகிக்கிறவர் மூன்றாவது தேசத்தில். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசவே வழியில்லை. அதற்காகத்தான் சங்கங்கள் ஏற்பட்டன. 1973-ல் லண்டனில் சின்ன உலோக வியாபாரிகள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1974-ல் பெல்ஜியம் தேசத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரில் டாண்டலத்துக்கென்றே ஒரு சங்கம் பிறந்தது. 1986-ல் அதன் சகோதரியான நியோபியத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று அதன் பெயர் 'டாண்டலம் - நியோபியம் சர்வதேச ஆராய்ச்சி மையம்'. சுருக்கமாக டி.ஐ.சி.

சங்கம் என்றதும் விலையை ஏற்றுவதற்காகக் கூடிய கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். விலை நிர்ணயம் செய்வது இதன் வேலை அல்ல. எவ்வளவு தாது எடுக்கப்பட்டது, எவ்வளவு உலோகம் செலவாயிற்று என்று அங்கத்தினர்களிடம் ரகசியமாகக் கணக்கு வாங்கி, மொத்தத்தை மட்டும் வெளியிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பத்திரிகை நடத்துகிறது. வருஷத்துக்கு ஒரு தரம், ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் ஊரில், மகாசபை கூட்டுகிறது. நல்ல ஆராய்ச்சிக்குப் பரிசும் உண்டு. டாண்டலத்தை 1802-ல் கண்டுபிடித்த ஸ்வீடன் தேசத்து எக்கபர்க்கின் பெயரால் அந்தப் பரிசு வழங்கப்படுகிறது. 2018-ல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் கூடிய மகாசபையில் முதல் பரிசைப் பெற்றவர் யூரி ஃப்ரீமன் என்ற விஞ்ஞானி.

தாகம் தீராத ராஜா

டாண்டலம் என்ற பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. கிரேக்க புராணத்தில் டாண்டலஸ் என்று ஒரு ராஜா. தேவர்களுக்கே துரோகம் செய்த பாவத்துக்காக அவனைக் கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்திவைத்தார்கள். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும்! சுற்றிலும் தண்ணீர், நாக்கில் ஒரு சொட்டு இல்லை. எக்கபர்க் கண்டுபிடித்த உலோகத்தின் துருவை அமிலத்தில் அமிழ்த்திவைத்தாலும் அது ஒரு துளி அமிலத்தைக்கூட ஏற்கவில்லை. 'இது டாண்டலஸ்தான்!' என்று பெயர் வைத்துவிட்டார். பிற்பாடு அதனோடு ஒட்டிக்கொண்டே கிடைக்கும் இன்னோர் உலோகத்துக்கு டாண்டலஸின் மகள் நியோபியின் பெயரை வைத்தார்கள். அப்பாவையும் பெண்ணையும் பிரித்தெடுப்பது ரஸாயனக்காரர்களுக்கு இன்றும் தலைவலியான காரியம்தான்.

டாண்டலம் உருக வேண்டுமானால் 3,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு வேண்டும். கனமோ, இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். 1905-ல் ஜெர்மனியில் மின்சார பல்புக்குள் இழையாகவும் இது உட்கார்ந்தது. பிறகு டங்ஸ்டன் வந்து அதைத் துரத்திவிட்டது. மண்டையோட்டில் அடிபட்டு ஓட்டை விழுந்தால் அதை மூடும் தகடாகவும் டாண்டலம் உபயோகப்பட்டிருக்கிறது. உடம்பு அதை அந்நியமாக நினைப்பதில்லை.

எவர்சில்வரின் ரகசியம்

அமிலம் ஏன் இதைத் தின்பதில்லை? பதில் நம் சமையலறையிலேயே இருக்கிறது.

அலமாரியில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் இரும்புதான். இரும்பு வாணலியை ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் துருப்பிடித்திருக்கிறது. எவர்சில்வர் டம்ளர் மட்டும் பளபளவென்று இருக்கிறது. என்ன மாயம்? அதில் குரோமியம் கலந்திருக்கிறது. நல்ல ரகத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல். குரோமியம் காற்றுப் பட்டவுடன் தன் மேல் ஒரு மெல்லிய சட்டை போட்டுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத சட்டை. தேய்த்துத் தேய்த்துக் கீறினாலும் அடுத்த நிமிஷமே புதுச் சட்டை! அதைத் தாண்டித் துரு உள்ளே போக முடிவதில்லை.

டைட்டானியமும் டாண்டலமும் இதே குலம். அவற்றின் சட்டை இன்னும் கெட்டி. செல்போனில் டாண்டலம் செய்யும் வேலையே அந்தச் சட்டையை நம்பித்தான் இருக்கிறது. டாண்டலப் பொடியை அரிசி அளவுக்கு அழுத்தி, சூடேற்றி, மின்சாரத்தால் அதன் மேல் மெல்லிய துருச்சட்டையை வளர்க்கிறார்கள். அந்தச் சட்டை மின்சாரத்தைத் தடுத்துச் சேமித்துவைக்கும். தண்ணீர் நின்றுபோனால் சமாளிக்க நாம் குடத்தில் பிடித்துவைக்கிறோம் அல்லவா? அந்த மாதிரி மின்சாரத்துக்கு ஒரு குட்டிக் குடம். இதற்குக் 'கெபாஸிடர்' என்று பெயர். இந்தக் குடம் சிறியதாகச் சிறியதாகப் போனும் மெலிந்துகொண்டே போயிற்று.

வண்டலூரும் துணி சோப்பும்

தாம்பரத்தைத் தாண்டினால் வண்டலூர். மிருகக்காட்சி சாலைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகாதவர் யார்? அதே ஜி.எஸ்.டி. சாலையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், டைட்டானியத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு கம்பெனி உண்டு. 'டைட்டானியம் எக்விப்மென்ட் அண்ட் ஆனோட் மானுஃபாக்சரிங் கம்பெனி' என்று நீளமான பெயர். மாடம்பாக்கத்தை அடுத்த நூத்தஞ்சேரியிலும் இதே தொழிலில் 'டை ஆனோட் ஃபேப்ரிகேட்டர்ஸ்' என்ற கம்பெனி இருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் ஏரியும் கோயிலும் வீட்டுமனையும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே நுழைந்து பார்த்தால் இப்படிப்பட்ட சங்கதிகள்!

ஆனோட் என்றால் என்ன? உப்புத் தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின் வாயு கிளம்பும். மறு பக்கம் காஸ்டிக் சோடா உண்டாகும். காஸ்டிக் இல்லாமல் துணி சோப்பு இல்லை. குளோரின் இல்லாமல் குழாய்த் தண்ணீர் சுத்தமாவதில்லை. குளோரின் கிளம்பும் பக்கத்தில் நிற்கிற தகட்டுக்குத்தான் ஆனோட் என்று பெயர். முன்பெல்லாம் அதைக் கிராஃபைட் என்னும் கரியால் செய்தார்கள். குளோரின் அரிக்க அரிக்க அது சந்தனக் கட்டை மாதிரி தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய மின்சாரச் செலவும் ஏறும்.

டைட்டானியத்தைக் குளோரின் அரிக்காது. அப்படியானால் அதை வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். டைட்டானியத்தின் சட்டை மின்சாரத்தையும் உள்ளே விடாது! திருடன் வரக் கூடாது என்று கதவை அடைத்தால் விருந்தாளியும் வர முடியவில்லை. ஹென்றி பீர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1965-ல் காப்புரிமை கேட்டார். டைட்டானிய வலையின் மேல் ருதேனியம் என்ற இன்னொரு சின்ன உலோகத்தின் ஆக்ஸைடைப் பூசிக் காய்ச்சிவிட்டார். அந்தப் பூச்சு மின்சாரத்துக்கு வாசற்கதவாயிற்று. இன்று உலகம் முழுவதும் குளோரின் தொழிற்சாலைகளில் இந்த வகைதான். பல வருஷம் உழைத்துப் பூச்சுத் தேய்ந்தால், பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி மறுபடி பூசிக்கொள்ளலாம்.

கல்யாண ஊர்வலத்துக் காஸ் லைட்

டைட்டானியம் எங்கிருந்து வருகிறது? அதற்கும் தூர தேசம் போக வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுப்பாக மின்னும். இல்மனைட், ரூட்டைல், ஜிர்கான், மோனஸைட் என்று அதில் ரகம் ரகமாகத் தாதுக்கள். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மோனஸைட்டைக் கண்டுபிடித்தார். தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போன மணல்தான் அவரை இங்கே இழுத்து வந்தது என்று சொல்வார்கள். ஜெர்மானியருக்கு அதில் என்ன அக்கறை? மோனஸைட்டில் தோரியம் இருக்கிறது. காஸ் லைட்டின் வலைக்கு அப்போது தோரியம்தான் உயிர். ஆஸ்திரியாவின் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த அந்த வலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு. நம் பாட்டிமார் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் உஸ்ஸென்று வெள்ளை வெளிச்சம் கொட்டிக்கொண்டு போன பெட்ரோமாக்ஸ் விளக்கு இருக்கிறதே, அதன் பிரகாசமும் இந்தக் குடும்பத்துச் சொத்துதான்!

1950-ல் சர்க்கார் இந்திய அரிய மணல் கம்பெனியை ஆரம்பித்தது. மணவாளக்குறிச்சி ஆலை அதைச் சேர்ந்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் பழையகாயலில் ஜிர்கோனியத்துக்கென்றே ஓர் ஆலை இருக்கிறது. அணுமின் நிலையத்தில் எரிபொருளை அடைக்கும் குழாய் அந்த உலோகத்தால் ஆனது. கேரளத்துச் சவராவில் 2011-ல் டைட்டானியக் கட்டி செய்யும் ஆலை திறக்கப்பட்டது. ராக்கெட்டுக்கு வேண்டிய டைட்டானியத்தை அதுவரை வெளியிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தோம்.

நாணயத்தின் மறுபக்கம்

இத்தனை பெருமையையும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

குரோம்பேட்டையிலேயே தொடங்கலாம். தோல் பதனிடும்போது போடுகிற குரோமிய உப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும். மிச்சம் கழிவுத் தண்ணீரோடு போகும். பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்துக் கிணறுகளைக் கேட்டால் அந்தக் கதையைச் சொல்லும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஓர் ஆலையின் குரோமியக் கழிவு மலையாகக் குவிந்து பல வருஷங்கள் நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1996-ல் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தோல் ஆலைகளைக் கண்டித்து, கெடுத்தவர்தான் ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தண்ணீரே இல்லாமல் குரோமியத்தை ஏற்றும் முறையைக் கண்டுபிடித்தது; கழிவோடு போவது வெகுவாகக் குறைகிறது. ஆராய்ச்சி என்றால் புதுச் சாமான் செய்வது மட்டும் அல்ல, பழைய பாவத்தைக் கழுவுவதும்தான்.

தாய்லாந்தில் ஃபுக்கெட் தீவு. வெள்ளீயம் உருக்கிய கழிவுக் கட்டியை அங்கே தெருவுக்குக் கொட்டியிருந்தார்கள். அதில் டாண்டலம் இருப்பது தெரிந்ததும் தெருவையே தோண்டி எடுத்தார்கள்! அதைப் பிரிக்க ஓர் ஆலையும் கட்டினார்கள். தங்கள் காற்றும் தண்ணீரும் கெட்டுவிடும் என்று பயந்த ஜனங்கள் 1986 ஜூனில் திரண்டு வந்து, திறக்கும் முன்பே அதற்குத் தீ வைத்துவிட்டார்கள். ஜனங்களிடம் முன்கூட்டிப் பேசாத தொழில் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம். நம் குமரிக் கரையிலும் 2024-ல் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 'கடலும் கரையும் எங்கள் வீடு. எங்களைக் கேட்காமல் எப்படி?' என்பதுதான் அவர்கள் கேள்வி.

எல்லாவற்றையும்விட வயிற்றைப் பிசைவது காங்கோவின் கதை. டாண்டலத் தாதுவுக்கு அங்கே 'கோல்டான்' என்று பெயர். உலகத்து டாண்டலத்தில் பாதிக்கு மேல் காங்கோவிலிருந்தும் அண்டையிலுள்ள ருவாண்டாவிலிருந்தும் வருகிறது. 2000-ல் செல்போன் மோகத்தில் விலை பல மடங்கு ஏறியபோது, கிழக்குக் காங்கோவில் ஆயுதக் கூட்டங்கள் சுரங்கங்களைப் பிடித்துக்கொண்டன. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினார்கள். 2001-ல் ஐக்கிய நாட்டு நிபுணர் குழு இதை அம்பலப்படுத்தியது. 2010-ல் அமெரிக்கா சட்டம் போட்டது: உன் சாமானிலுள்ள டாண்டலம் எங்கிருந்து வந்தது என்று கம்பெனி சொல்லியாக வேண்டும்.

அப்போதுதான் சங்கத்துக்கு நிஜமான பரீட்சை வந்தது. டி.ஐ.சி.யும் வெள்ளீயக்காரர்களின் சங்கமும் சேர்ந்து, சுரங்க வாயிலிலேயே ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டுக் கட்டும் ஏற்பாட்டைத் தொடங்கின. அரிசி மூட்டைக்கு முத்திரை குத்துகிற மாதிரி. நல்ல யோசனைதான். ஆனால் சீட்டு எழுதுகிற கையே அசந்துபோனால்? கள்ளச் சரக்குக்கும் நல்ல சீட்டு ஒட்டப்படுகிறது என்று 2022-ல் 'குளோபல் விட்னஸ்' என்ற அமைப்பு குற்றம் சாட்டியது. ஏற்பாட்டை நடத்துகிறவர்கள் மறுத்தார்கள். 2024-ல் காங்கோவின் பெரிய கோல்டான் சுரங்கமான ரூபாயாவை எம்-23 என்ற ஆயுதக் கூட்டம் பிடித்துக்கொண்டது. பரீட்சை இன்னும் முடிந்தபாடில்லை.

நம் மேஜை டிராயர்

'காங்கோவில் நடப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?' என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். பழைய சார்ஜர், சீப்பு, ரப்பர் பாண்டு, நடுவே உயிர் போன இரண்டு மூன்று செல்போன்! ஒவ்வொன்றிலும் ஏதோ சில மில்லிகிராம் டாண்டலம், கொஞ்சம் தங்கம், கொஞ்சம் செம்பு.

அதைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள். தங்கமும் செம்பும் திரும்பி வரும். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். டாண்டலம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. உலையில் செம்பை உருக்கும்போது அது கழிவுக் கட்டியோடு போய்விடுகிறது. அதைச் சிக்கனமாக மீட்கும் வழியை ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2023-ல் நம் சர்க்கார் வெளியிட்ட முப்பது முக்கியத் தாதுக்களின் பட்டியலில் டாண்டலம், நியோபியம், டைட்டானியம் மூன்றும் இருக்கின்றன. இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அதுவரையில் கையில் இருக்கும் போனை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்வதுதான் நம்மால் ஆன பெரிய உபகாரம். திரை உடைந்தால் மாற்றலாம். பாட்டரி தளர்ந்தால் புதிது போடலாம். எவர்சில்வர் குடத்தில் ஒடுக்கு விழுந்தால் தட்டி எடுத்துக்கொண்டு இன்னும் இருபது வருஷம் வைத்திருந்த குடும்பங்கள்தானே நாம்? பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த பாத்திரத்தில் பேத்தி காபி ஆற்றவில்லையா? அந்தச் சிக்கனப் புத்தி கைபேசிக்கு மட்டும் ஏன் போய்விட்டது?

ரயிலில் பாட்டிக்கு விஷயத்தைச் சொன்னதும், "அப்படியா! குரோம் ஒரு உலோகமா?" என்று வியந்தாள். அதற்குள் தாம்பரம் வந்துவிட்டது. இறங்குகிற அவசரத்தில் பேத்தி கேட்டது:

"பாட்டி, அப்போ இந்தத் தாம்பரத்துக்கு என்ன அர்த்தம்?"

பாட்டி இந்தத் தடவை அவசரப்படவில்லை. கூடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "தாமிரமோ என்னவோ! விசாரிச்சுச் சொல்றேன், இறங்கு" என்றாள்.